உப்புக்காற்று ஊரில் எஸ்.எஸ். போல்ட்: எதைக் கேட்டு வாங்குவது, எப்படி முடுக்குவது

கடைக்குப் போய் "எஸ்.எஸ். போல்ட் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் (அதுதான் எஸ்.எஸ்.) மலிவான 202 என்ற ரகம்தான் பெரும்பாலும் கைக்கு வரும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், காந்தம் ஒட்டாது, விலையும் குறைவு. மதுரையிலோ திருச்சியிலோ வீட்டுக்குள் ஒரு ஷெல்ஃபுக்குப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதையே தூத்துக்குடியில் மொட்டைமாடியில் போட்டால், ஒரு கோடை தாண்டுவதற்குள் போல்ட் தலையிலிருந்து பழுப்புக் கறை கோடு கோடாக இறங்கிவிடும்.

இங்கே நான் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். சோலார் ஸ்டாண்டு, மாடிக் கைப்பிடி, டேங்க் மேடை, அவ்வப்போது ஃபைபர் படகு வேலை. ஊரின் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்றில் வந்து படிகிற உப்பு, ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைக் கழுவிவிட மழையும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதோடு சரி. அதனால் எங்கள் ஊரில் போல்ட் வாங்குவதே தனி விஷயம். நாகப்பட்டினம், ராமேஸ்வரம், சென்னையில் கடலோரம் இருப்பவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

எஸ்.எஸ். ஏன் துருப்பிடிப்பதில்லை என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இரும்பில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகும். கீறல் விழுந்தாலும் காற்று பட்டதும் படலம் தானே மூடிக்கொள்ளும். உப்பில் உள்ள குளோரைடு இந்தப் படலத்தில் புள்ளி புள்ளியாக ஓட்டை போடுகிறது. காற்றே புகாத இடுக்கில் படலம் திரும்ப வளரவும் முடியாது. எஸ்.எஸ்.ஸுக்கு வருகிற கேடு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

கடையில் நமக்குக் கிடைப்பது மூன்று ரகம். 202-ல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். அந்தப் பெயரில் நிக்கல் இன்னும் குறைந்த ஜே4 சரக்கும் சந்தையில் ஓடுகிறது. 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. நல்ல பாத்திரங்களின் அடியில் 18/8 என்று அச்சடித்திருப்பது இதைத்தான். 316-ல் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும், கூடவே மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம். உப்பைத் தாங்குவது இந்த மாலிப்டினம்தான். கடலோர மாடிக்கு 316, ஊருக்குள்ளே வீட்டுக்குள் என்றால் 304, வெளிவேலைக்கு 202 வேண்டவே வேண்டாம். நான் சொல்வது இவ்வளவுதான். 316-க்கு விலை கணிசமாகக் கூடும், உண்மை. ஆனால் ஒரு சோலார் ஸ்டாண்டின் மொத்தச் செலவில் போல்டுக்குப் போவது சொற்பம். அதில் மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் பிறகு பேனலைக் கழற்ற ஆளைத் தேடி அலைகிறார்கள்.

சரி, வாங்கும்போது எப்படிப் பார்ப்பது?

அண்ணாச்சியிடம் "இது 316 தானா?" என்று கேட்டால், "எல்லாம் நல்ல எஸ்.எஸ். தான், தைரியமா கொண்டு போங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு வந்த பெட்டியில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். நீங்கள் போல்ட் தலையைப் பாருங்கள். ஏ2-70 என்று பொறித்திருந்தால் அது 304 குடும்பம். ஏ4-70, ஏ4-80 என்று இருந்தால் 316 குடும்பம். ஐ.எஸ்.ஓ. 3506 என்ற தரப்படி வரும் அடையாளம் இது. 70 என்பது இழுவிசை வலிமை 700 மெகாபாஸ்கல், 80 என்பது 800. பக்கத்திலேயே தயாரித்தவரின் எழுத்தோ முத்திரையோ இருக்க வேண்டும். எம்5-க்கு (5 மி.மீ. விட்டம்) கீழே உள்ள சின்ன ஸ்குரூக்களில் அடையாளம் இருக்காது, அது குற்றமில்லை. எம்8, எம்10 ஹெக்ஸ் போல்டின் தலை மொட்டையாக இருந்தால், எதுவென்று தெரியாத சரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பது நம் ஊரில் எல்லோரும் செய்கிற சோதனை. அதை நம்பிப் பயனில்லை. 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. இன்னொரு பக்கம், அசல் 304 போல்டிலேயே மரை உருட்டிய இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும், ஏனென்றால் குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கும்போது உலோகத்தின் உள்கட்டமைப்பு கொஞ்சம் மாறிவிடுகிறது. ஸ்பிரிங் வாஷரில் இன்னும் நன்றாகவே இழுக்கும். சும்மா பச்சென்று ஒட்டிக்கொண்டால் அது இரும்பு அல்லது 410 என்ற காந்தம் ஒட்டும் எஸ்.எஸ். ரகம், அதை மட்டும்தான் காந்தம் சொல்லும்.

அதைவிட நல்லது சொட்டுச் சோதனை. 9 வோல்ட் பேட்டரியோடு வரும் சின்ன பாட்டில் திரவம். பாத்திரக் கடைக்காரர்களும் பழைய இரும்பு வியாபாரிகளும் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டு பேட்டரி முனையைத் தொட வைத்தால், மாங்கனீஸ் கூடின 202-ல் சில விநாடிகளில் சொட்டு சிவந்துவிடும், 304-ல் அப்படிச் சிவக்காது. 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க மாலிப்டினத்துக்கு என்று தனி பாட்டில் உண்டு. திரவம் அமிலம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சோதித்த போல்டை வேலைக்குப் போடாமல் தள்ளி வையுங்கள். மொத்தமாக வாங்குகிறவர்கள் பில்லில் "எஸ்.எஸ். 316" என்று எழுதி வாங்கி, டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டும் கேட்கலாம். பெரிய பழைய இரும்புக் கிடங்குகளில் எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கி இருக்கும். ஒரு நொடியில் இத்தனை சதவீதம் நிக்கல், இத்தனை சதவீதம் மாலிப்டினம் என்று காட்டிவிடும். தெரிந்தவர் இருந்தால் ஒரு போல்டைக் காட்டி வாருங்கள்.

போல்டைச் சோதித்துவிட்டு நட்டிலும் வாஷரிலும் கோட்டை விடுவது வழக்கம். போல்ட் 316, நட் 304, வாஷர் ஏதோ ஒரு தகடு என்று ஒரே பொட்டலத்தில் மூன்று ரகம் இருக்கும். துரு எப்போதும் வாஷரில்தான் முதலில் தெரியும். ஜனங்கள் போல்டைத் திட்டுவார்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளில் இன்னும் நூல் கணக்கு ஓடுகிறது. 8 நூல் ஓர் அங்குலம், அதாவது 3 நூல் போல்ட் என்றால் 3/8 அங்குலம். எஸ்.எஸ். சரக்கு பெரும்பாலும் மி.மீ. கணக்கில், எம்6, எம்8, எம்10 என்று வரும். 3 நூல் என்பது 9.5 மி.மீ. சொச்சம், எம்10-க்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில். மரை இடைவெளியும் பக்கம் பக்கம்தான்: ஒன்றில் 1.59, மற்றதில் 1.5 மி.மீ. அதனால் 3 நூல் போல்டில் எம்10 நட் ஏறும், ஏறி லொடலொடவென்று ஆடும். முடுக்கினால் பிடித்ததுபோல இருக்கும், பாரம் வந்தால் மரை உரிந்துவிடும். போல்டையும் நட்டையும் ஒரே கணக்கில், ஒரே கடையில், ஒரே நேரத்தில் வாங்கி, கவுன்டரிலேயே விரலால் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். ஆடாமலும் கடிக்காமலும் ஓட வேண்டும். நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். தலை உள்ளே பதியும் கவுன்டர்சங்க் ஸ்குரூவுக்கு மட்டும் தலையையும் சேர்த்து. முடுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை நீட்டினால் போதும். மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பது வேட்டி கிழிக்கத்தான் உதவும்.

சென்னைக்காரர்களுக்கு பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு இருக்கிறது. அங்கே ஏ4 கேட்டால் விஷயம் தெரிந்து பேசுவார்கள். சின்ன ஊர்களில் முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். அவசரம் என்று 202-ஐ வாங்கி "அப்புறம் மாத்திக்கலாம்" என்றால் அந்த அப்புறம் வரவே வராது.

இனி முடுக்குவது. எஸ்.எஸ்.ஸில் பாதிப் பேர் படுகிற பாடு துருவால் அல்ல, நட் பாதி வழியில் கடித்துக்கொள்வதால். முடுக்கும்போது மரையின் மேல் உள்ள படலம் உரசி உரிந்துவிடுகிறது. அடியில் உள்ள வெறும் உலோகமும் வெறும் உலோகமும் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, அந்த ஒட்டு பிய்ந்து, பிய்ந்த துணுக்கு அடுத்த மரையில் ஏறி, ஒரு சுற்றுக்குள் எல்லாம் இறுகிவிடும். இம்பாக்ட் டிரைவர் போட்டுச் சர்ரென்று ஓட்டினால் சூடும் சேர்ந்துகொள்ளும். நைலாக் நட் இன்னும் மோசம், உள்ளே உள்ள நைலான் வளையம் முதல் சுற்றிலிருந்தே இறுக்கிப் பிடிப்பதால் உரசல் அதிகம்.

கையில் இதை உணரலாம். விரலால் லேசாக ஓடிக்கொண்டிருந்த நட் ஸ்பானர் போட்டதும் ஒரே சீராக இறுக வேண்டும். அப்படி இல்லாமல், வாஷரைத் தொடுவதற்கு முன்பே கனத்து, ஸ்பானர் வழியாக உள்ளங்கைக்கு மணலை அரைப்பது மாதிரி ஒரு நறநறப்பு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு சுற்றுகூட முன்னே போகக் கூடாது. மெதுவாகக் கால் சுற்று பின்னே, ஆற விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி பின்னே. வந்தால் அந்த நட்டையும் போல்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வரவில்லை என்றால் டபிள்யூ.டி.40 பாட்டிலைக் காலி செய்துகொண்டு நிற்காதீர்கள். ஒட்டிப்போனதை எண்ணெய் பிரிக்காது, அறுக்க வேண்டியதுதான்.

வராமல் தடுக்க மூன்று காரியம். மரையைப் பிரஷ்ஷால் துடைத்துத் தூசு, உலோகத் தூள் இல்லாமல் செய்யுங்கள். ஆன்டி சீஸ் பசையை போல்டின் முதல் சில மரைகளில் மெல்லப் பூசுங்கள். மிச்ச வேலையை நட் தானே இழுத்துப் பரப்பிக்கொள்ளும். நிக்கல் கலந்த வெள்ளிநிறப் பசை நல்லது. அலுமினியம் பக்கத்தில் இருந்தால் செம்பு கலந்ததையும் கிராஃபைட் கலந்ததையும் தவிர்த்துவிடுங்கள், அவை அலுமினியத்தை அரிக்கத் தூண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் சாதா கிரீஸ்கூடக் காய்ந்த மரையைவிட மேல். மூன்றாவது, கை ஸ்பானர், நிதானம். எம்8-க்கு 13 ஸ்பானர், எம்10-க்கு 17, சில சரக்கில் 16. பசை பூசிய பிறகு உரசல் குறைவதால் அதே பலத்துக்கு போல்ட் கூடுதலாக இழுபடும். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் ஏ2-70 போல்டில் எம்8-க்கு 15 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 30 என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ரென்ச் இல்லாதவர்கள் நீளமான ஸ்பானரைத் தொடாமலிருந்தாலே போதும். எங்கள் பட்டறைப் பையன்களுக்கு நான் எம்8-க்கு ரிங் ஸ்பானரின் நடுவில் பிடித்து முடுக்கச் சொல்வேன்.

பலம் என்றதும் இன்னொன்று. எஸ்.எஸ். போட்டால் எல்லாவற்றையும்விட உறுதி என்று நினைத்து வண்டியின் பிரேக் காலிபர், சஸ்பென்ஷன் போல்டுகளைக் கழற்றிவிட்டு இதைப் போடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். 8.8 ஹை டென்சைல் போல்ட் 640 மெகாபாஸ்கல் வரை நெகிழாமல் நிற்கும். ஏ2-70 450-லேயே நீள ஆரம்பிக்கும். வண்டிக்கு வண்டியின் போல்டுதான்.

அடுத்தது, எதோடு எதைச் சேர்ப்பது. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்பீரம் பட்டால் இரண்டில் எளிதாக அரிக்கிற உலோகம் கரையும். எவ்வளவு வேகம் என்பது பரப்பைப் பொறுத்தது. பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன எஸ்.எஸ். போல்ட் என்றால் கேடு பெரிய பரப்பில் பங்கு போட்டுக்கொள்ளப்படும், பல வருடம் தாங்கும். சோலார் பேனல் எல்லாம் இப்படித்தான் நிற்கிறது. அதைத் திருப்பிப் போட்டு, எஸ்.எஸ். தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்தாலோ எஸ்.எஸ். கைப்பிடியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் போட்டாலோ, அந்தச் சின்னது மொத்த அடியையும் வாங்கி முதலில் காணாமல் போகும். கைப்பிடிக்கு நாற்பதாயிரம் செலவழித்துவிட்டுத் தரையில் பிடிக்கும் ஆங்கர் போல்டை மட்டும் சாதாவில் போடுவது நான் அடிக்கடி பார்க்கிற கூத்து.

இடையில் நைலான் அல்லது இ.பி.டி.எம். ரப்பர் வாஷர் வைத்துப் பிரித்தால் நல்லது. தலைக்கு அடியில் மட்டும் வைத்துப் பிரயோஜனமில்லை, போல்டின் உடம்பு துளையின் உள்சுவரைத் தொடாமல் ஒரு ஸ்லீவும் வேண்டும். சோலாரில் இதைச் செய்தால் சட்டத்துக்கும் ஸ்டாண்டுக்கும் மின்தொடர்பு அறுந்துபோகும் என்பதை மறக்காதீர்கள். எர்த்துக்குத் தனி வயர் ஓடியே ஆக வேண்டும்.

கூரை ஷீட்டுக்குப் போடும் செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூவை எஸ்.எஸ். என்று சொல்லி விற்றால் காந்தத்தை எடுங்கள், இங்கே அதற்கு வேலை இருக்கிறது. பச்சென்று ஒட்டினால் 410. துளை போட அந்தக் கடினம் தேவை, ஆனால் கடலோரம் அது நிற்காது. தலையும் உடம்பும் 304, முனை மட்டும் இரும்பு என்று வரும் பைமெட்டல் ஸ்குரூ கேட்டு வாங்குங்கள்.

போடும் நாளில் பட்டறை ஒழுக்கமும் முக்கியம். பக்கத்தில் இரும்பை கிரைண்டர் போட்டு அறுத்தால் பறக்கிற பொறி எஸ்.எஸ். மேல் ஒட்டித் தனித் துருப்புள்ளியாக மாறும். பிறகு "எஸ்.எஸ்.ஸே துரு பிடிச்சிருக்கு" என்று போன் வரும். இரும்பு பிரஷ், இரும்பு நார் எதுவும் ஆகாது. அதைவிடப் பெரிய எமன் டைல்ஸ் கழுவுகிற ஆசிட். குளியலறை வேலை முடிந்து சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். ஆவியிலேயே புத்தம்புது கீல், ஸ்குரூ எல்லாம் மறுநாள் பழுப்பாகியிருக்கும். ஆசிட் வேலையெல்லாம் முடிந்து நன்றாகக் கழுவிய பிறகுதான் எங்கள் ஆள் உள்ளே போவான்.

மூடிய நீச்சல் குளம் ஒன்றுக்கு மட்டும் 316-கூடப் போதாது. 1985 மே மாதம் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் கம்பிகளில் குளோரைடால் வெடிப்பு விட்டிருந்தது. ஹோட்டல் குளத்தில் தலைக்கு மேல் பாரம் தொங்கவிடும் வேலை வந்தால் பொறியாளரிடம் அனுப்பிவிடுங்கள், நம் அனுபவத்தை நம்ப வேண்டாம்.

பராமரிப்பில் பலருக்குத் தெரியாத ஒன்று: மழை படுகிற போல்டைவிட, சன்ஷேடுக்கு அடியில் மழை படாமல் இருக்கும் போல்ட்தான் சீக்கிரம் கறை பிடிக்கும். உப்பு படிவது இரண்டுக்கும் ஒன்றுதான், கழுவப்படுவது ஒன்று மட்டும். சோலார் பேனல் துடைக்கும்போது அடியில் இருக்கும் போல்டுகளுக்கும் குழாயைக் காட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம், நல்ல தண்ணீர். பழுப்புக் கறை மேலோடு இருந்தால் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

படகுக்காரர்களுக்கு இது போதாது. ஃபைபர் உடம்பிலோ மரத்திலோ புகுந்திருக்கிற போல்ட் வெளியே தலை பளிச்சென்று இருக்கும், உள்ளே காற்றில்லாத ஈரத்தில் கழுத்து அரிக்கப்பட்டுக் கொண்டிருக்கும். அதனால் துளையில் மரைன் சீலன்ட் நிரப்பித்தான் போல்டை இறக்க வேண்டும், உள்பக்கம் அகல வாஷர் வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கும்போது, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வரிசையில் ஒரே ஒரு போல்டைக் கழற்றிப் பாருங்கள். தலைக்குக் கீழே விரலை ஓட்டினால் குழியோ மெலிவோ தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் மற்றவற்றைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த வரிசை முழுவதையும், நட்டு வாஷரோடு சேர்த்து, அன்றே மாற்றிவிடுங்கள்.